75 மில்லியன் மதிப்புள்ள கம்பெனியை 25 மில்லியனுக்கு விற்றால் யாருக்கு எவ்வளவு?

சிங்கப்பூர் தேக்காவில் பதினைந்து வருடமாகக் கடை நடத்துகிறவர், மாதாமாதம் லாபம் பார்க்கிறவர், இன்னொரு கிளை திறக்க 100,000 வெள்ளி கடன் கேட்டால் வங்கி மூன்று வருடக் கணக்கையும் சொந்த உத்தரவாதத்தையும் கேட்கிறது. அதே வாரம் செய்தியில் பார்த்தால், இருபத்தாறு வயதில் இரண்டு பேர் தொடங்கிய, இன்னும் ஒரு காசு லாபம் பார்க்காத இணையக் கம்பெனிக்கு ஒரு மில்லியன் வெள்ளி முதலீடாம், மதிப்பு ஐந்து மில்லியனாம். இரண்டு வருடம் கழித்து அதே கம்பெனி மூடப்பட்டது என்றும் செய்தி வருகிறது. பணம் போட்டவர்கள் யாரும் வாசலில் வந்து நின்று சத்தம் போட்டதாகத் தெரியவில்லை.

இதில் என்ன நியாயம் என்று கேட்பவர்கள் நிறைய. நியாயத்தை விடுங்கள், கணக்கு இருக்கிறது. இப்படிப் பணம் போடும் வென்ச்சர் கேபிட்டல் ஃபண்டின் (பலரிடம் பணம் திரட்டிப் புதுக் கம்பெனிகளில் பங்கு வாங்கும் அமைப்பின்) உள்கணக்கைப் பார்த்துவிட்டால், அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது, ஏன் இவ்வளவு அவசரம், ஓரளவு நன்றாக ஓடுகிற கம்பெனியைக் கூட ஏன் கைகழுவுகிறார்கள் என்பதெல்லாம் தானாக விளங்கும்.

கடன் கொடுப்பவரும் பங்கு வாங்குபவரும்

1970கள் வரை ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கத்து மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. அங்கே நடந்தது கொடுக்கல் வாங்கல், அதாவது கடன். கடன் வாங்கியவர் பெரிய செல்வந்தர் ஆனாலும் கொடுத்தவருக்கு வருவது பேசிய வட்டி மட்டும்தான். கடன் வாங்கியவர் நொடித்துப்போனால் அசலே போய்விடும். ஒரு வாராக்கடன் பத்து நல்ல கடன்களின் வட்டியை விழுங்கிவிடும் என்பதால் கடன் கொடுக்கிறவர் ஆளைப் பார்ப்பார், அடமானம் பார்ப்பார், பழைய கணக்கைப் பார்ப்பார். இன்றைய வங்கியும் அதையேதான் செய்கிறது. தேக்கா கடைக்காரர் மேல் அதற்குத் தனியாக எந்த வன்மமும் இல்லை.

பங்கு வாங்குகிறவரின் நிலைமை தலைகீழ். அவர் இழக்கக்கூடியது போட்ட பணம், அவ்வளவுதான். கிடைக்கக்கூடியதற்கு மேல்வரம்பே கிடையாது. 1957இல் அமெரிக்காவில் ஏஆர்டி என்ற நிறுவனம், டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற புதுக் கம்ப்யூட்டர் கம்பெனியில் 70,000 அமெரிக்க வெள்ளி போட்டு 70 விழுக்காடு பங்கு வாங்கியது. பதினைந்து வருடத்துக்குள் அந்தப் பங்கின் மதிப்பு நூறு மில்லியனுக்கும் மேலே போனது. அதே நிறுவனம் அதே காலத்தில் வேறு எத்தனை கம்பெனியில் பணத்தை இழந்திருந்தாலும் யாருக்குக் கவலை? வென்ச்சர் கேபிட்டல், தமிழில் துணிகர முதலீடு என்று எழுதுகிறார்களே, அதன் அடித்தளம் இந்த ஒரு சமனற்ற தன்மைதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கிட்டங்கியும் இன்றைய ஃபண்டும் உறவுக்காரர்கள். ஊரிலிருந்து மூன்று வருடக் கெடுவில் வந்து கிட்டங்கியை நடத்திய மேலாளுக்குச் சம்பளமும் உண்டு, லாபத்தில் பங்கும் உண்டு. ஃபண்ட் நடத்துகிறவருக்கும் அதே ஏற்பாடுதான்.

ஃபண்டின் உள்கணக்கு

வென்ச்சர் கேபிட்டல்காரர் போடுவது பெரும்பாலும் அவர் சொந்தப் பணம் கிடையாது. ஓய்வூதிய நிதிகள், பல்கலைக்கழக அறக்கட்டளைகள், பணக்காரக் குடும்பங்களின் முதலீட்டு அலுவலகங்கள், அரசாங்க முதலீட்டு நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து பணம் தருகின்றன. இவர்களை எல்பி என்பார்கள்; நடத்துகிறவர் ஜிபி. ஒரு ஃபண்டின் ஆயுள் வழக்கமாகப் பத்து வருடம். 50 மில்லியன் வெள்ளி ஃபண்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

1. நடத்துகிறவருக்கு வருடத்துக்கு 2 விழுக்காடு கட்டணம். பத்து வருடமும் முழுசாக வாங்கினால் 10 மில்லியன் அதிலேயே போய்விடும் (பின்வருடங்களில் குறைத்துக்கொள்வது உண்டு). கம்பெனிகளில் போட மிஞ்சுவது 40 மில்லியன்.

2. பத்து வருடம் பணத்தை முடக்கியதற்கு மூன்று மடங்காவது வர வேண்டும் என்று எல்பிகள் எதிர்பார்க்கிறார்கள். ஆக இலக்கு 150 மில்லியன். லாபத்தில் 20 விழுக்காடு நடத்துகிறவருக்கு, அதுதான் 'கேரி'. அவர் உண்மையில் பணக்காரர் ஆவது இதில்தான்.

3. கம்பெனி புதியவர்களிடம் மறுபடி மறுபடி பணம் வாங்கும் சுற்றுகளில் பழைய பங்கின் விழுக்காடு கரைந்து, கம்பெனி விற்கப்படும் நேரத்தில் ஃபண்டின் கையில் 10 விழுக்காடு இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 மில்லியன் வர வேண்டுமானால், அவர் கைவைத்த கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து 1.5 பில்லியன் வெள்ளிக்கு விலைபோக வேண்டும்.

4. ஆனால் பெரும்பாலானவை விலைபோகாது. கோரிலேஷன் வென்ச்சர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2004 முதல் 2013 வரையிலான 21,000க்கும் மேற்பட்ட முதலீட்டுச் சுற்றுகளை எடுத்துப் பார்த்தது. ஏறக்குறைய 65 விழுக்காட்டில் போட்ட பணமே முழுதாகத் திரும்பவில்லை. பத்து மடங்கோ அதற்கு மேலோ கொடுத்தவை 4 விழுக்காடு.

5. ஆகவே 25 கம்பெனியில் போட்டால், அதில் ஒன்றோ இரண்டோ மொத்த ஃபண்டையும் தூக்கி நிறுத்த வேண்டும். எது அந்த ஒன்று என்று முதல் நாளில் யாருக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொன்றும் அந்த ஒன்றாக ஆகக்கூடியதா என்று பார்த்துத்தான் செக் எழுதுகிறார்கள்.

இந்த ஐந்தாவது புள்ளியில்தான் தொடங்கியவரும் முதலீட்டாளரும் பிரிகிறார்கள். கம்பெனி 30 மில்லியனுக்கு விலைபோகிறது என்றால், கையில் 30 விழுக்காடு வைத்திருக்கும் தொடங்கியவருக்கு 9 மில்லியன் வெள்ளி. வீட்டுக்கடன் தீரும், அப்பா அம்மாவை நன்றாக வைத்துக்கொள்ளலாம், அடுத்த கம்பெனிக்கு யாரிடமும் கைநீட்ட வேண்டாம். 10 விழுக்காடு வைத்திருக்கும் ஃபண்டுக்கோ 3 மில்லியன், அதாவது இலக்கில் 2 விழுக்காடு. "விற்காதே, இன்னும் பெருசாக்கு" என்று அவர் சொல்வதைப் பேராசை என்று நினைக்கிறோம். அவர் கணக்குப்படி 30 மில்லியனுக்கு விற்பதும் மூடுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சிங்கப்பூரில் தொடங்கிய ஸோபிம், வலைத்தளத்துக்கு வருகிறவர்களோடு உரையாட உதவும் மென்பொருள் செய்த கம்பெனி, 2014இல் சுமார் 30 மில்லியன் அமெரிக்க வெள்ளிக்கு ஸென்டெஸ்க் என்ற அமெரிக்க மென்பொருள் கம்பெனியின் கைக்குப் போனது. அது நல்ல முடிவு. பெரிய ஃபண்டுகளிடமிருந்து பெரும் பணம் வாங்கி வைத்திருக்கும் கம்பெனிக்கு அதே தொகை நல்ல முடிவாக இருந்திருக்காது.

ஏன் இணையக் கம்பெனிகள், ஏன் உடனே இந்தோனேசியா

இட்லிக் கடையில் ஆயிரமாவது வாடிக்கையாளருக்கும் மாவு அரைத்துத்தான் ஆக வேண்டும். மென்பொருளில் ஆயிரமாவது வாடிக்கையாளருக்கு ஆகும் கூடுதல் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. பல நூறு மடங்கு வளரக்கூடிய தொழில் எது என்று தேடுகிறவர் இணையப் பக்கம் போவதில் ஆச்சரியமில்லை. 2006இல் அமேசான் தன் சர்வர்களை வாடகைக்கு விடத் தொடங்கியபின் ஆரம்பச் செலவும் சரிந்தது. அதற்குமுன் சர்வர் வாங்கவே பெரும் பணம் வேண்டும், பிறகு கிரெடிட் கார்டு போதும் என்றாகிவிட்டது. சின்னச் சின்ன செக் எழுதும் 'சீட்' முதலீடு என்ற அடுக்கு தழைத்தது அப்போதுதான்.

சிங்கப்பூரில் இதற்கு ஒரு தனிச் சிக்கல். நாம் மொத்தமே சுமார் 6 மில்லியன் பேர். கேட்டரிங் நடத்துபவர்களுக்கு ஆர்டர், முன்பணம், சாமான் கணக்கு எல்லாம் பார்த்துக்கொடுக்கும் ஓர் இணையச் சேவையைக் கற்பனை செய்யுங்கள். மாதம் 100 வெள்ளி கட்டணம், ஆயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். வருடத்துக்கு 1.2 மில்லியன் வெள்ளி வருமானம். இரண்டு பேர் நடத்தும் தொழிலுக்கு அமோகம். ஃபண்டின் கணக்கில் அது உப்புக்கும் பெறாது. ஆகவேதான் இங்கே முதல் சந்திப்பிலேயே "ஜகார்த்தா எப்போது, ஹோ சி மின் எப்போது" என்ற கேள்வி வருகிறது. தென்கிழக்காசியா என்றால் 600 மில்லியனுக்கும் மேல் மக்கள். தாள் மேல் கணக்கு உதைக்காது. தாளில்தான். மொழி வேறு, பணம் கட்டும் பழக்கம் வேறு, சட்டம் வேறு என்பது இறங்கிப் பார்த்த பிறகு தெரியும்.

எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. வெளியே வியாபாரம் செய்கிறவர்கள் கம்பெனியை மட்டும் இங்கே கொண்டுவந்து பதிகிறார்கள். மூலதன ஆதாய வரி இல்லை, முதலீட்டாளருக்குப் பழகிய ஆங்கிலேய மரபுச் சட்டம், நம்பகமான நீதிமன்றம். மலேசியாவில் 2012இல் மைடெக்ஸி என்று தொடங்கிய கிராப் தன் தலைமையகத்தை 2014இல் இங்கே மாற்றியது.

இந்தப் பணமே வேண்டாம் என்பதும் ஒரு வழிதான். சென்னை மென்பொருள் கம்பெனியான ஸோஹோ இதுவரை துணிகர முதலீடு வாங்கவில்லை. அதே சென்னையில் 2010இல் தொடங்கிய ஃப்ரெஷ்வர்க்ஸ் வாங்கியது, 2021இல் நாஸ்டாக்கில் பட்டியலானது. இரண்டுமே ஜெயித்த கம்பெனிகள், ஆனால் எப்போது எவ்வளவு வேகம் போவது என்பதை யார் முடிவு செய்தார்கள் என்பது இரண்டிலும் ஒன்றல்ல.

'மதிப்பு' எப்படி எழுதப்படுகிறது

நம் கேட்டரிங் கம்பெனிக்கே வருவோம். தொடங்கியவர்கள் இருவர், ஆளுக்குப் பாதி. முதலீட்டாளர் ஒரு மில்லியன் வெள்ளி போடுகிறார். பணம் வருமுன் கம்பெனியின் மதிப்பு 4 மில்லியன் என்று பேசி முடிக்கிறார்கள், இது ப்ரீ-மணி. பணம் சேர்ந்தபின் 5 மில்லியன்; இது போஸ்ட்-மணி. அவர் பங்கு 20 விழுக்காடு. அந்த 4 மில்லியன் எந்தக் கணக்கிலிருந்து வந்தது? எங்கிருந்தும் இல்லை. "எவ்வளவு வேண்டும், அதற்கு எத்தனை விழுக்காடு தருவாய்" என்ற பேரத்திலிருந்து பின்னோக்கி வகுத்து வந்த எண் அது. லாபமே இல்லாத கம்பெனிக்கு வேறு எப்படி மதிப்புப் போடுவது?

பேரத்தில் ஒரு சின்ன வரி ஒளிந்திருக்கும்: ஊழியர்களுக்காக 10 விழுக்காடு பங்கு ஒதுக்க வேண்டும், அதுவும் பணம் வருவதற்கு முன்பே. அதன்பின் முதலீட்டாளர் 20, ஊழியர் ஒதுக்கீடு 10, தொடங்கியவர்கள் 70. ஒதுக்கீட்டின் முழுச் சுமையும் தொடங்கியவர்கள் தலையில். 4 மில்லியன் என்று பேசியது உண்மையில் 3.5 மில்லியன்தான்.

அப்புறம் இரண்டு சுற்று. சீரிஸ் ஏ: 5 மில்லியன் வருகிறது, போஸ்ட்-மணி 25 மில்லியன். சீரிஸ் பி: 15 மில்லியன் வருகிறது, போஸ்ட்-மணி 75 மில்லியன். ஒவ்வொரு சுற்றிலும் புதியவருக்கு 20 விழுக்காடு போக, பழையவர்கள் எல்லாரும் அதே அளவில் கரைகிறார்கள். முடிவில் தொடங்கியவர்கள் இருவருக்கும் சேர்த்து 44.8, ஊழியர்களுக்கு 6.4, முதல் முதலீட்டாளருக்கு 12.8, ஏ சுற்றுக்கு 16, பி சுற்றுக்கு 20. செய்தியில் "75 மில்லியன் வெள்ளி மதிப்பு" என்று வரும், உறவுக்காரர்கள் எல்லாரும் தொடங்கியவர்களை 33.6 மில்லியனுக்குச் சொந்தக்காரர்களாக நினைத்துப் பெண் பார்க்கத் தொடங்குவார்கள்.

விற்கும் நாளில்

முதலீட்டாளர் வாங்குவது சாதாரணப் பங்கு இல்லை, முன்னுரிமைப் பங்கு. அதில் லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ் என்ற உரிமை உண்டு: கம்பெனி விற்கப்பட்டாலும் மூடப்பட்டாலும் அவர் போட்ட பணம் முதலில் அவருக்கு. அல்லது, கூடுதலாக வரும் என்றால், பங்கைச் சாதாரணப் பங்காக மாற்றி விழுக்காட்டுப்படி எடுத்துக்கொள்ளலாம். பரவலாக இருக்கும் நிபந்தனை இதுதான். நம் கம்பெனியில் மொத்தம் 21 மில்லியன் முதலீடு. இப்போது பாருங்கள்:

1. 150 மில்லியனுக்கு விற்றால் எல்லாரும் விழுக்காட்டுப்படி. தொடங்கியவர்களுக்கு 67.2 மில்லியன்.

2. 25 மில்லியனுக்கு விற்றால் 21 மில்லியன் முதலில் வெளியே போகும். மிச்சம் 4 மில்லியனைத் தொடங்கியவர்களும் ஊழியர்களும் பிரித்துக்கொள்ள, தொடங்கியவர்கள் இருவருக்கும் சேர்த்து 3.5 மில்லியன். விழுக்காட்டுப்படி என்றால் 11.2 மில்லியன் வந்திருக்க வேண்டும்.

3. முன்னுரிமையை எடுத்துக்கொண்டு, மிச்சத்திலும் விழுக்காட்டுப்படி பங்கு கேட்கும் கடுமையான வகையும் உண்டு. அதில் இருவருக்கும் சேர்த்து 1.79 மில்லியன்தான்.

4. 20 மில்லியனுக்கு விற்றால் பூஜ்யம்.

75 மில்லியன் என்ற எண்ணில் எங்கே பொய் இருக்கிறது என்று இப்போது தெரிந்திருக்கும். கடைசியாக வந்தவர் இத்தனை பாதுகாப்போடு வாங்கிய பங்கின் விலையை எடுத்து, எந்தப் பாதுகாப்பும் இல்லாத பங்குகளையும் அதே விலையில் பெருக்கி வந்த தொகை அது. நாலு அறை வீட்டையும் அதே புளோக்கின் வாகன நிறுத்துமிடத்தையும் சதுர அடிக்கு ஒரே விலை போட்டுக் கூட்டுவது மாதிரி. என்னைக் கேட்டால் மதிப்பை எழுதும் செய்தியில் பக்கத்திலேயே முன்னுரிமைத் தொகையையும் எழுத வேண்டும். எழுத மாட்டார்கள், ஏனென்றால் அதைக் கம்பெனி சொல்லாது.

விலை பேசாமலே வாங்கும் பணம்

மிக ஆரம்பத்தில் மதிப்பைப் பற்றி வாதாடுவதே வீண் என்று, 2013இல் புதுக் கம்பெனிகளுக்கு ஆரம்ப முதலீடு தரும் அமெரிக்காவின் ஒய் காம்பினேட்டர் 'சேஃப்' என்ற ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. இப்போது பணம், அடுத்த சுற்றில் விலை முடிவானதும் பங்கு. கடன் இல்லை, வட்டி இல்லை, தவணைத் தேதி இல்லை. முதலீட்டாளருக்குப் பாதுகாப்பு 'கேப்': மதிப்பு எவ்வளவு ஏறினாலும் இந்த உச்சவரம்புக்கு மேல் போட்டு எனக்குப் பங்கு தராதே என்பது. இங்கே சிங்கப்பூர்ச் சட்டக் கழகமும் துணிகர முதலீட்டுச் சங்கமும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட 'விமா' என்ற மாதிரி ஒப்பந்தத் தொகுப்பில் 'கேர்' என்ற பெயரில் இதன் உள்ளூர் வடிவம் இருக்கிறது. இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், வழக்கறிஞர் செலவு கணிசமாகக் குறையும்.

எளிது என்பதுதான் இதன் ஆபத்தும். 4 மில்லியன் போஸ்ட்-மணி கேப்பில் 200,000 வெள்ளி வாங்கினால் 5 விழுக்காடு போனதாகக் கணக்கு. இப்படி நாலு பேரிடம், அவசரத்துக்கு இன்னொருவரிடம் என்று வாங்கிக்கொண்டே போனால், முதல் உண்மையான சுற்று வரும் நாளில் கால்வாசிக் கம்பெனி ஏற்கெனவே போயிருக்கும். அதுவரை எந்தப் பதிவேட்டிலும் அது தெரியாது.

பணம் சுருங்கும்போது

அரசாங்கம் இந்தத் துறையில் பல வருடங்களாகவே பணம் போட்டு வருகிறது. இடிக்கப்படவிருந்த ஆயர் ராஜா தொழிற்கூடக் கட்டடமான புளோக் 71, 2011இல் ஸ்டார்ட்அப் கூடாரமானது. ஆனால் ஃபண்டுகளுக்குப் பணம் தாராளமாக வருமா வராதா என்பதை முடிவு செய்தது அமெரிக்க வட்டி விகிதம். 2022 தொடக்கத்தில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த அது 2023 ஜூலையில் 5.25 முதல் 5.5 விழுக்காட்டுக்கு ஏறியது. சும்மா வைத்தாலே ஐந்து விழுக்காடு வரும் என்றால், பத்து வருடம் காத்திருக்கும் எல்பிகளின் கை சுருங்கத்தானே செய்யும்?

நஷ்டத்தில் ஓடும் கம்பெனி அடுத்த சுற்றை நம்பி உயிர் வாழ்கிறது. பணம் சுருங்கினால் முந்தைய மதிப்பைவிடக் குறைவாகப் பணம் வாங்க நேரும். அது டவுன் ரவுண்ட். அப்போது பழைய முதலீட்டாளருக்குக் கூடுதல் பங்கு தந்து ஈடுகட்டும் நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தால், கரைவது மறுபடியும் தொடங்கியவர்களும் ஊழியர்களும்தான். உயர்ந்த மதிப்பில் பணம் வாங்கியதே பிறகு கழுத்தை நெரிப்பது இப்படித்தான். இங்கே தலைமையகம் வைத்திருந்த ஸிலிங்கோ என்ற இணைய ஆடை வணிகக் கம்பெனி 2019இல் கிட்டத்தட்ட 970 மில்லியன் அமெரிக்க வெள்ளி மதிப்பில் இருந்தது. 2023 தொடக்கத்தில் கலைப்புக்குப் போனது. காரணங்கள் பல, வட்டி மட்டும் இல்லை. ஆனால் நாலு வருடத்துக்குள் அந்த எண் எங்கே போனது என்று கேட்டால், அது முதலிலிருந்தே பேரத்தில் வந்த எண்தான்.

பங்குச் சலுகையோடு வேலைக்குச் சேருகிறவர்கள்

தொடங்கியவர்களைப் பற்றியே இவ்வளவு பேசியாகிவிட்டது. நம்மில் பலருக்கு இந்த விவகாரம் வந்து சேரும் வழி வேறு: சம்பளம் கொஞ்சம் குறைவு, அதற்குப் பதில் "0.2 விழுக்காடு ஆப்ஷன்" என்று ஒரு கடிதம். ஆப்ஷன் என்பது பங்கு இல்லை, குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமை. பொதுவாக நாலு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும், முதல் வருடம் முடியுமுன் விலகினால் ஒன்றும் இல்லை. எத்தனை பங்கு என்று மட்டும் சொன்னால் போதாது, மொத்தம் எத்தனை என்று கேளுங்கள். வாங்கும் விலை என்ன, உங்களுக்கு முன்னால் எத்தனை மில்லியன் முன்னுரிமைத் தொகை நிற்கிறது என்றும் கேளுங்கள். மேலே பார்த்த 20 மில்லியன் விற்பனையில் ஊழியருக்கும் பூஜ்யம்தான்.

வரி இன்னொரு பக்கம். ஆப்ஷனைப் பயன்படுத்திப் பங்கு வாங்கும் நாளில், சந்தை விலைக்கும் நீங்கள் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் சிங்கப்பூரில் வேலை வருமானமாகக் கருதப்படும், பங்கை நீங்கள் இன்னும் விற்காமல் இருந்தாலும். வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவர் வேலையை விட்டு ஊர் திரும்பும்போது இன்னும் ஒரு படி மேலே போகிறது: பயன்படுத்தாத ஆப்ஷனையும் பயன்படுத்தியதாகவே பாவித்து வரி போடும் விதி இருக்கிறது. கையில் ஒரு வெள்ளி வராத ஆதாயத்துக்கு வரி. கம்பெனி உங்கள் சார்பில் வருமான வரித்துறைக்கு அனுப்பும் விடுவிப்புப் படிவத்தில் ஆப்ஷனுக்கு என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்பதை, விமான டிக்கெட் எடுக்கும் முன்பே மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.